கையெழுத்து வாங்கினால் போதுமா? கேரி பென்ஷன்ஸ் வழக்கு

இங்கிலாந்தில் லாரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு 2012-இல் கையில் கொஞ்சம் ரொக்கம் தேவைப்பட்டது. ஃப்ரெண்ட்ஸ் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு ஒரு பென்ஷன் கணக்கு இருந்தது. மதிப்பு சுமார் 50,000 பவுண்டு. ஆனால் அந்த நாட்டில் பென்ஷன் பணத்தை 55 வயதுக்கு முன்னால் தொட முடியாது. குறுக்கு வழியில் எடுத்தால் வரித்துறை பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இணையத்தில் தேடினார். சி.எல்.பி. புரோக்கர்ஸ் என்ற தரகு நிறுவனம் கண்ணில் பட்டது. ஸ்பெயினில் இருந்து நடந்த கடை அது. பென்ஷனை நாங்கள் சொல்லும் இடத்துக்கு மாற்றுங்கள், அங்கிருந்து நாங்கள் காட்டும் சொத்தை வாங்குங்கள், உங்கள் கைக்கு 4,000 பவுண்டு வரும் என்பதுதான் பேச்சு.

அவர்கள் சொன்ன இடம் கேரி பென்ஷன்ஸ் யூ.கே. மில்டன் கீன்ஸ் நகரத்து நிறுவனம், அரசு ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அவர்கள் காட்டிய சொத்து, லங்காஷயரில் பிளாக்பர்ன் ஊரில் ஒரு பெரிய கிடங்குக்குள் தடுத்துக் கட்டிய சில அறைகள். வீட்டில் இடம் இல்லாதவர்கள் மேசை நாற்காலியையும் பழைய பெட்டிகளையும் போட்டு வைக்க வாடகைக்கு எடுப்பார்களே, அந்த மாதிரி அறை. ஸ்டோர்பாட் என்று பெயர் வைத்து, ஸ்டோர் ஃபர்ஸ்ட் என்ற குழுமம் அவற்றை நீண்டகாலக் குத்தகையாக விற்றது. வாங்கியவர் அதை அவர்களிடமே திரும்ப வாடகைக்கு விட வேண்டும். முதல் 2 ஆண்டுகளுக்கு 8 சதவீத வருமானம் உறுதி, அப்புறம் அது ஏறிக்கொண்டே போகும் என்பது விளம்பரம்.

வருமானம் ஏறவில்லை. அறைகளை விற்கப் பார்த்தால் வாங்க ஆள் இல்லை. லாரி ஓட்டுநர் கேரி மேல் வழக்குப் போட்டார். தரகர் மேலும் போடவில்லை, கிடங்குக்காரர் மேலும் போடவில்லை. ஆலோசனை எதுவுமே சொல்லாமல், அனுப்பிய படிவத்தை வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக்கொடுத்த நிறுவனத்தின் மேல் போட்டார். விசாரணை நடந்தது 2018 மார்ச்சில். இலண்டன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2020 மே மாதம். விசாரணை முடிந்து தீர்ப்புக்கே 2 ஆண்டுக்கு மேல். தோற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி அதைத் திருப்பிப் போட்டது. பிரிட்டிஷ் பென்ஷன் தொழிலில் இருக்கிறவர்கள் இன்றும் இந்த வழக்கைப் பேசாமல் ஒரு கூட்டத்தை முடிப்பதில்லை.

கேரி நிர்வகித்தது சிப் (SIPP) என்ற வகைக் கணக்கு. முதலில் சிப் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் பணத்தை எதில் போடுவது என்று நாமே முடிவு செய்யும் தனிநபர் பென்ஷன் கணக்கு அது. 1989-இல் நிதியமைச்சர் நைஜல் லாசன் போட்ட பட்ஜெட்டில் இதற்கு வழி திறந்தது. வழக்கமான பென்ஷனில் காப்பீட்டு நிறுவனம் வைத்திருக்கும் நிதித் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். சிப்பில் பங்கு வாங்கலாம், கடன் பத்திரம் வாங்கலாம், வணிகக் கட்டடம்கூட வாங்கலாம். இந்தக் கடைசி வசதிக்கு நல்ல பயன் உண்டு. ஒரு பல் மருத்துவர் தன் சிப் மூலம் கிளினிக் கட்டடத்தை வாங்கி, மாதாமாதம் வாடகையைத் தன் பென்ஷனுக்கே செலுத்துவார். அது நியாயமான ஏற்பாடு. அதே கதவு வழியாகத்தான் பிளாக்பர்ன் கிடங்கு அறையும் உள்ளே வந்தது. அதுவும் வணிகக் கட்டடம்தானே!

சிப் நிர்வாக நிறுவனம் இதில் என்ன செய்கிறது? கணக்கைத் திறக்கிறது. பழைய நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தை வரவழைக்கிறது. வரிச் சலுகையை வாங்கித் தருகிறது. சொத்துகளை ஓர் அறங்காவலர் நிறுவனத்தின் பெயரில் வைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை அனுப்புகிறது. சிறு சிப் நிறுவனங்கள் பலவற்றுக்கு வரும்படி, ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம். உறுப்பினரின் சொத்து இரட்டிப்பானாலும் பாதியானாலும் கட்டணத் தொகை ஒன்றே. ஆக, நிறுவனம் வளர வேண்டுமானால் தலை எண்ணிக்கை கூட வேண்டும். ஆலோசனை சொல்ல அதற்கு அனுமதி கிடையாது. ஆளை வேறு யாராவது கூட்டிக்கொண்டு வர வேண்டும். இந்தத் தொழிலின் தலைவலி எல்லாம் அந்த 'வேறு யாராவது' என்ற இடத்தில்தான் தொடங்குகிறது. கேரிக்கு சி.எல்.பி. கூட்டி வந்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

கேரி சோம்பேறி நிறுவனம் என்று சொல்லிவிட முடியாது. காகிதம் எல்லாம் பக்காவாக வைத்திருந்தது. 'உறுப்பினர் சொன்னதைச் செய்வது மட்டுமே எங்கள் வேலை, முதலீடு நல்லதா கெட்டதா என்று நாங்கள் பார்ப்பதில்லை' என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. இது ஆபத்தான முதலீடு, எளிதில் விற்க முடியாமல் போகலாம், தகுதியுள்ள ஆலோசகரைக் கேளுங்கள் என்ற எச்சரிக்கைகளும் இருந்தன. லாரி ஓட்டுநர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். தொலைபேசியிலும் கேட்டு உறுதி செய்திருந்தார்கள்.

உயர் நீதிமன்ற நீதிபதி டைட் இந்தக் காகிதங்களுக்குப் பெரிய மதிப்புக் கொடுத்தார். வாடிக்கையாளரின் நலனுக்கு ஏற்ப நேர்மையாகவும் தொழில்முறையாகவும் நடக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை விதி ஒன்று இருக்கிறது. லாரி ஓட்டுநரின் வழக்கறிஞர்கள் அதைப் பிடித்தார்கள்: இப்படி ஒரு முதலீட்டை ஏற்றதே அந்த விதிக்கு மாறு என்றார்கள். நீதிபதியின் பார்வை வேறு. அந்தக் கடமை எவ்வளவு நீளும் என்பதை இரு தரப்பும் போட்ட ஒப்பந்தத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒப்பந்தம் 'சொன்னதைச் செய்வது மட்டும்' என்கிறது. அப்படியிருக்க முதலீட்டை ஆராய்ந்து தடுக்கும் கடமையைக் கேரியின் தலையில் ஏற்ற முடியாது. சி.எல்.பி. பேசியது கிடங்கு அறைகளைப் பற்றித்தான் என்றும் அவர் கருதினார். அறை என்பது நிலம், கட்டடம். அதைப் பற்றி ஆலோசனை சொல்ல யாருக்கும் அனுமதி தேவையில்லை. ரொக்கம் வேண்டும் என்ற எண்ணமே மனுதாரரை இதில் இழுத்துவிட்டது என்பதும் அவர் கண்டவற்றில் ஒன்று.

இந்தக் கடைசி விஷயத்தில் நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 4,000 பவுண்டு கோணலான பணம் என்பது வாங்கியவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? ஏமாந்தவர் என்றாலே பச்சைக் குழந்தை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இவர் அப்படி இல்லை. வழக்கின் சுவையே அதில்தான் இருக்கிறது: இப்படிப்பட்ட ஒருவர் எப்படி ஜெயித்தார்?

2000-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டத்தில் 27-ஆவது பிரிவு என்று ஒன்று. அதிகம் யாரும் புரட்டாத பக்கம். அது சொல்வது இது: அனுமதி பெறாத ஒருவர் சட்டத்தை மீறிச் சொன்னதோ செய்ததோ காரணமாக, அனுமதி பெற்ற நிறுவனம் ஒரு வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். தவறு செய்தவர் தரகராக இருந்தாலும் பணத்தைத் திருப்ப வேண்டியவர் நிறுவனம். தரகர் சட்டத்தை மீறுகிறார் என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வியே இந்தப் பிரிவில் எழாது.

சரி, சி.எல்.பி. சட்டத்தை மீறியதா? அறையைப் பற்றி மட்டும் பேசினால் மீறல் இல்லை. மேல்முறையீட்டில் முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி நியூவி இங்கேதான் முடிச்சை அவிழ்த்தார். அந்த லாரி ஓட்டுநரிடம் அறை வாங்க வேறு பணம் கிடையாது. ஃப்ரெண்ட்ஸ் லைஃபில் இருந்த பென்ஷனைக் கலைத்தால்தான் வாங்க முடியும். அப்படியானால் 'இந்த அறையை வாங்குங்கள்' என்று சொல்வதற்குள் 'அந்தப் பென்ஷனை விட்டு வெளியே வாருங்கள்' என்பதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பென்ஷனை மாற்றச் சொல்வது அனுமதி இல்லாமல் செய்யக் கூடாத ஆலோசனை. அதோடு சி.எல்.பி. நிற்கவில்லை, படிவங்களை நிரப்புவது, அனுப்புவது என்று மாற்றத்துக்கான ஏற்பாட்டு வேலைகளையும் செய்தது. அதற்கும் அனுமதி வேண்டும். இரண்டு மீறல். ஒப்பந்தம் உடைந்தது.

'ஆலோசனை' என்ற சொல்லை நீதிமன்றம் எவ்வளவு எளிமையாகப் பார்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து 'உங்கள் பழைய திட்டம் மோசம், புதியது மேல்' என்று ஒப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை. ஒன்றைத் தூக்கிப் பேசினாலே மற்றதைக் கைவிடச் சொல்வதாக ஆகிவிடலாம். தரகர்களை நம்பிக் கடை நடத்திய சிப் நிறுவனங்களுக்கு வயிற்றைக் கலக்கியது இந்த வரிதான். ஏனென்றால் அவர்கள் எல்லோருமே 'தரகர் சொத்தைத்தான் விற்கிறார், பென்ஷனைப் பற்றி வாயே திறப்பதில்லை' என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நிறுவனத்துக்கு இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. 28-ஆவது பிரிவின்படி, நியாயம் என்று பட்டால் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லும் என்று விட்டுவிடலாம். இங்கேதான் நிறுவனத்துக்கு எது தெரிந்திருந்தது என்பது கணக்கில் வரும். கேரியின் கோப்புகளே கேரிக்கு எதிராகப் பேசின.

சி.எல்.பி.யை நடத்திய ஆளைப் பற்றி அன்றைய ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.எஸ்.ஏ. 2010 அக்டோபரிலேயே தன் இணையதளத்தில் எச்சரிக்கை போட்டிருந்தது. பென்ஷனைக் காசாக்கித் தருகிறேன் என்று அனுமதி இல்லாமல் தொழில் செய்கிறார், ஜாக்கிரதை என்பது சாரம். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பட்டியல் அது. கேரி அதைப் பார்த்தது 2012 மே மாதம். இடைப்பட்ட காலத்தில் அவர் அனுப்பிய ஆட்களை வரிசையாக ஏற்றுக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு ரொக்கம் கைமாறுகிறது என்ற செய்தியும் கேரியின் காதுக்கு எட்டியது. பார்த்த உடனே சி.எல்.பி.யோடு உறவை முறித்துக்கொண்டது. அது உண்மை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே பாதி வழியில் இருந்த விண்ணப்பங்களை அது நிறுத்தவில்லை. லாரி ஓட்டுநரின் விண்ணப்பம் அதில் ஒன்று. அவருடைய பணம் கிடங்கு அறைகளுக்குள் போனது இந்த உறவு முறிந்த பிறகு.

வழக்கு முழுவதிலும் என்னை அதிகம் உறுத்துவது அந்த மே மாதத்துக்குப் பிந்தைய சில வாரங்கள். தரகர் மேல் ஒழுங்குமுறை அமைப்பின் எச்சரிக்கை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவர் கூட்டி வந்தவர்களுக்கு லஞ்சம் மாதிரி ஒரு பணம் போகிறது என்றும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் கேரி கேட்ட கேள்வி 'உறுப்பினருக்கு இன்னும் விருப்பம் இருக்கிறதா' என்பது. 4,000 பவுண்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'இந்தப் பணத்தை நாம் தொடலாமா' என்பது. அலுவலகத்தில் அன்று யாராவது அதை வாய்விட்டுக் கேட்டிருந்தால், பாதி வழியில் நின்ற கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருந்தால், கொஞ்சம் கட்டணம் போயிருக்கும். அதோடு முடிந்திருக்கும்.

நியூவி 28-ஆவது பிரிவின் சலுகையை மறுத்தார். சட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று வாடிக்கையாளரைப் பாதுகாப்பது, அதில் அவரவர் முட்டாள்தனத்திலிருந்து அவரவரைக் காப்பாற்றுவதும் சேரும் என்று எழுதினார். லாரி ஓட்டுநர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்ற வாதம் இதனால் பலம் இழந்தது. அனுமதி இல்லாத தரகர்களிடமிருந்து ஆட்களை வாங்கக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. ஆனால் வாங்கினால் அதன் ஆபத்தை நிறுவனம் சுமக்க வேண்டும் என்பதற்காகத்தான் 27-ஆவது பிரிவே இருக்கிறது என்றார். கேரியின் பெயர் அதற்குள் மாறிவிட்டது: ஜிப்ரால்டரைச் சேர்ந்த எஸ்.டி.எம். குழுமம் 2019-இல் வாங்கி, ஆப்ஷன்ஸ் என்று பெயரிட்டது. ஆப்ஷன்ஸ் உச்ச நீதிமன்றம் போக அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை.

ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 27-ஆவது பிரிவோடு நின்றுவிட்டது. நேர்மை, வாடிக்கையாளர் நலன் பற்றிய விதியின் கீழ் லாரி ஓட்டுநர் தரப்பு புதிதாக மாற்றி வைத்த வாதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. கீழ் நீதிமன்றத்தில் வைக்காத வழக்கை இங்கே வைக்க முடியாது என்றது. ஆக, தரகர் யாரும் நடுவில் இல்லாமல் ஓர் உறுப்பினர் நேராக வந்து மோசமான சொத்தை வாங்கச் சொன்னால், நிறுவனம் தடுத்திருக்க வேண்டுமா? அதற்கு இந்த வழக்கில் பதில் இல்லை.

அதற்குப் பதில் தேடுகிறவர்கள் பெர்க்லி பர்க் வழக்குக்குப் போகிறார்கள். அது லெஸ்டரில் இருந்த இன்னொரு சிப் நிர்வாக நிறுவனம். அதன் உறுப்பினர் ஒருவர் 2011-இல் 29,000 பவுண்டைக் கம்போடியாவில் ஒரு நிலத்தில் போட்டார். நிலத்தில் என்ன விளையும் என்று நினைக்கிறீர்கள்? காட்டாமணக்கு. நம் ஊரில் ஆடு மாடு வாய் வைக்காத செடி என்று வேலியில் நட்டு வைப்போமே, அதே செடி. அதன் விதையிலிருந்து டீசலுக்கு மாற்று எண்ணெய் எடுக்கலாம் என்று அந்த ஆண்டுகளில் உலகம் முழுக்க ஒரு காய்ச்சல் அடித்தது. சஸ்டெய்னபிள் ஆக்ரோஎனர்ஜி என்ற நிறுவனம் அந்தக் காய்ச்சலில் நிலத்தைத் துண்டு போட்டு விற்றது. கடைசியில் அது மோசடி என்று நிரூபணமாகி, 2014 டிசம்பரில் அதன் பின்னால் இருந்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.

உறுப்பினர் நீதிமன்றம் போகவில்லை. நிதிக் குறைதீர் அமைப்பிடம் போனார். அங்கே அளவுகோல் வேறு. அந்த அமைப்பு சட்டப்படி கண்டிப்பாக என்ன என்று மட்டும் பார்க்காது. எது நியாயம், அந்தத் தொழிலில் நல்ல நடைமுறை எது என்றும் பார்க்கும். சொத்தைப் பற்றி அடிப்படையான விசாரணை செய்திருந்தாலே நிலம் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமா என்ற கேள்வி எழுந்திருக்கும், பெர்க்லி பர்க் இந்த முதலீட்டை ஏற்றிருக்கவே கூடாது என்றது தீர்ப்பு. நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் எதிர்த்தது. 2018 அக்டோபரில் நீதிபதி ஜேக்கப்ஸ் குறைதீர் அமைப்பின் பக்கம் நின்றார். முதலீடு நல்ல லாபம் தருமா என்று எடை போடுவது ஆலோசகர் வேலை. அது உண்மையில் இருக்கிறதா, பென்ஷனுக்குள் வைக்கத் தக்கதா என்று பார்ப்பது நிர்வாகியின் வேலைக்குள் வரலாம் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் கோடு. எஃப்.எஸ்.ஏ. 2009-இலேயே சிப் நிறுவனங்களை ஆய்வு செய்து, ஆலோசகர் பொறுப்பு என்று சொல்லிக் கையைக் கழுவ முடியாது என்ற தொனியில் எழுதியிருந்தது. அது காதில் விழவே 10 ஆண்டு ஆகியிருக்கிறது.

பெர்க்லி பர்க் மேல்முறையீடு செய்தது. ஆனால் 2019-இல் அதுவே திவால் நிர்வாகத்துக்குப் போய், மேல்முறையீடு கைவிடப்பட்டது. அதன் சிப் கணக்குகளை ஹார்ட்லி பென்ஷன்ஸ் வாங்கியது. ஹார்ட்லி இப்படியே இன்னும் பல நிறுவனங்களின் கணக்குகளை வாங்கிக் குவித்தது. 2022 ஜூலையில் ஹார்ட்லியும் திவால் நிர்வாகத்துக்குப் போனது. கணக்குகளை வேறு இடத்துக்கு மாற்றும் செலவுக்காக உறுப்பினர்களின் பென்ஷனிலிருந்தே கட்டணம் பிடிக்கும் நிலை வந்தது. ஒரு நிறுவனத்தின் வாசலில் ஏமாந்தவர், தான் தேர்ந்தெடுக்காத இரண்டாவது நிறுவனத்திடம் கைமாறி, அது விழுந்ததற்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது.

ஸ்டோர் ஃபர்ஸ்ட் கதை இதற்கு நடுவே முடிந்தது. 20 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டியிருந்த அந்தக் குழும நிறுவனங்களைப் பொதுநலன் கருதி மூடச் சொல்லி அரசின் திவால் சேவை அமைப்பு வழக்குப் போட்டது. 2019 ஏப்ரலில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, நிறுவனங்கள் மூடலுக்கு ஒப்புக்கொண்டன. அறைகள் மட்டும் அறைகளாகவே நின்றன. காலியாகக் கிடந்தாலும் அவற்றுக்கு நில வாடகை உண்டு, உள்ளூர் வணிக வரி உண்டு. அதற்கு மேல் சிப் நிறுவனத்தின் ஆண்டுக் கட்டணம். சொத்தை விற்க முடியாததால் கணக்கை மூடவும் முடியாது. கணக்கு இருக்கும்வரை கட்டண ரசீது வரும். இந்த வகை முதலீட்டில் மாட்டியவர்களில் நிறையப் பேர், பென்ஷன் சுழியமான பிறகும் அதை நிர்வகிக்கும் செலவைத் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்கள்.

லாரி ஓட்டுநருக்கு அந்தச் சுமை தீர்ந்தது. கேரியோடு போட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று ஆனதால் கொடுத்தது திரும்பி வர வேண்டும், அவர் பெற்ற சொத்து நிறுவனத்திடம் போக வேண்டும். சிப் முறையில் சொத்து எப்போதுமே அறங்காவலர் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். முதலீடு நல்லதா கெட்டதா என்று பார்ப்பது எங்கள் வேலையில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய நிறுவனத்துக்கு, இனி பிளாக்பர்ன் அறைகளுக்கு என்ன விலை கிடைக்கும் என்று பார்ப்பது சொந்த வேலையாகிவிட்டது.